பதினோராம் எண் ஊர்

போன மாதம் தருமபுரியில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த கள ஆய்வாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்றவன் வந்து நாலு வார்த்தை பேசட்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எல்லோர் மடியிலும் ஒரு டேப்லெட். வயலின் நாலு மூலையையும் இப்போது வானத்திலிருந்தே பார்த்துவிடலாம் என்றார்கள். நான் சணல் கயிறும் முளைக்குச்சியும் தூக்கிக்கொண்டு திரிந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். கடைசியில் ஒரு பெண் எழுந்தாள்.

"சார், ஒப்பீட்டு ஊருக்கு வருஷா வருஷம் போறோம். எல்லாத்தையும் கேக்கறோம், ஒண்ணும் குடுக்கறதில்ல. அவங்க மொகத்தப் பாக்கவே ஒரு மாதிரி இருக்குது. நீங்கல்லாம் எப்படி சார் போனீங்க?"

ஊரெல்லாம் வாயாடி என்று பெயர் வாங்கியவன் நான். அன்றைக்கு வாய் வரவில்லை. "பழகிடும்மா" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம். வெயிலும் காற்றுமாகக் கண் சொக்கியது. அந்த அரைத் தூக்கத்தில், நடுரோட்டில் செம்மண் நிறத்தில் ராகி பரப்பிக் கிடந்தது. பஸ் அதன் மேல் சத்தமில்லாமல் மிதந்து போனது. பதினோராம் எண் ஊர்தான் அது. அந்தப் பெண்ணுக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் வேலையில் ஊர்களுக்கு எண்தான். ஒரு வேளாண் மேம்பாட்டுத் திட்டம் வருகிறது என்றால், அதனால் பயன் உண்டா இல்லையா என்று பார்த்துச் சொல்வது எங்கள் பிரிவு. அதற்குத் திட்டம் நடக்கிற ஊர்களை மட்டும் பார்த்தால் போதாது. நல்ல மழை பெய்தால் திட்டமில்லாத ஊரிலும்தான் விளையும். ஆகவே அதே மண், அதே மழை, அதே மாதிரி சனம் உள்ள இன்னொரு ஊரையும் எடுத்துக்கொள்வோம். அங்கே ஒன்றும் கொடுக்க மாட்டோம். வருடம் ஒருமுறை போய் அளந்து எழுதிக்கொண்டு வருவோம். அதுதான் ஒப்பீட்டு ஊர். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் திட்டத்தின் பலன்.

நான் சொல்ல வந்த திட்டத்தில் ஏழாம் எண், திட்டம் நடந்த ஊர். இண்டூருக்கு உள்ளே தள்ளி இருந்தது. அதற்கு ஒப்பீட்டு ஊர் பதினொன்று, பாப்பாரப்பட்டிக்கு மேற்கே. ஏழில் ராகியைக் கைவீச்சாக விதைக்காமல், நாற்று விட்டு, கயிறு பிடித்து, சாணுக்கு ஒன்றாக நடச் சொல்லிக் கொடுத்தார்கள். கதிரடிக்க சிமெண்டுக் களம் ஒன்றும் போட்டுக் கொடுத்தார்கள். பதினொன்றில் ஊர்க்கூட்டம் போட்டு ஓர் அதிகாரி சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "மொதல் கட்டத்துல பலன் தெரிஞ்சா, ரெண்டாங் கட்டத்துல உங்க ஊருக்கும் எல்லாம் வரும். களமும் வரும்."

பத்தாவது படித்துவிட்டு நாடா பிடிக்கிற தற்காலிக ஆளாகச் சேர்ந்தவன் நான். சராசரி எடுப்பது எப்படி என்று ஜீப் டிரைவரிடம் கற்றுக்கொண்டேன் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் மைலேஜ் கணக்கை அப்படித்தான் போடுவார். மற்றதெல்லாம் வசந்தா மேடம்.

வசந்தா மேடம் எங்கள் புள்ளியியல் அலுவலர். ஒல்லியான உடம்பு, கறுப்புக் குடை, காதோரம் ஒரு பென்சில். பேனா கூடாது. "மழையில பேனா அழுவும். பென்சில் அழாது" என்பார். கேள்வி கேட்டு முடிக்கிற வரை எந்த வீட்டிலும் டீ குடிக்க மாட்டார். முடித்த பிறகு இரண்டு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிப்பார். கேள்வியைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து வரை எண்ண வேண்டும் என்பது அவர் சட்டம். எனக்கு மூன்றைத் தாண்டாது. "உங்க வாய்தான் உங்களுக்கு எதிரி. அவங்க யோசிக்கற நேரத்துல நீங்க பேசிடறீங்க. அப்புறம் அது உங்க பதில்." நாங்கள் போய்வந்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு, சொல்லாமல் கொள்ளாமல் அவரே போய் அதே கேள்விகளைத் திரும்பக் கேட்பார். பதில் வேறாக இருந்தால் திட்ட மாட்டார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நம்மைப் பார்ப்பார். திட்டியிருந்தால் தேவலாம் என்று இருக்கும்.

ஒப்பீட்டு ஊரைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று. "அங்க விவசாயத்தப் பத்தி ஒரு யோசனையும் சொல்லக் கூடாது. கேட்டாலும் சொல்லக் கூடாது."

எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மகசூல் அளப்பதற்கு ஒரு முறை உண்டு. எந்த வயலை எடுப்பது என்று நாம் முடிவு செய்யக் கூடாது. அச்சிட்ட எண் அட்டவணை முடிவு செய்யும். வயலின் தென்மேற்கு மூலையில் நின்றுகொள்ள வேண்டும். அட்டவணை சொல்கிற அத்தனை அடி நீளவாக்கில், அத்தனை அடி அகலவாக்கில் நடக்க வேண்டும். கால் நிற்கிற இடத்தில் முளை. அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, காயவைத்து, அடித்து, எடை போட வேண்டும். நல்ல பயிர் இரண்டடி தள்ளி இருந்தாலும் கயிறு நகராது.

பதினொன்றில் முதல் வருடம் நான் மூலையைத் தேடிக்கொண்டிருந்தபோது, வயலுக்குச் சொந்தக்காரம்மா, அந்தப் பக்கத்துப் பேச்சில் கொல்லைக்காரம்மா, வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முனியம்மா. ஐம்பது வயது இருக்கும். இடது காலை நீட்டித்தான் உட்கார முடியும்.

"எந்த மூலைங்க தேடறீங்க?"

"தென்மேற்குங்கம்மா."

"கன்னி மூலன்னு சொல்லுங்க. கவர்மெண்டும் புள்ளையார் மூலையிலதான் தொடங்குதா? பரவால்ல, புத்தி இருக்குது."

அன்றைக்கே அந்தக் காலின் கதையைச் சொன்னார். பதினொன்றுக்குக் களம் கிடையாது. அறுத்துப் போர் போட்டுவைத்த ராகிக் கதிரை மாசியில் ஊருக்கு வெளியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகளின் சக்கரம்தான் கதிரடிக்கும். இடையிடையே பெண்கள் ஓடிப்போய்ப் புரட்டிவிடுவார்கள், கூட்டி எடுப்பார்கள். ரோடு அங்கே ஒரு வளைவு. வளைவிலிருந்து வந்த மினி லாரிக்காரனுக்குக் குனிந்திருந்த முனியம்மா தெரியவில்லை.

"சாவாம தப்பிச்சேன். ஊனமாப் போன காலு ஒரு காலா? போவுது. எனக்கு வேண்டியது ஒண்ணுதாங்க. நாளைக்கு வரப்போற மருமவ அந்த ரோட்டுல குனியக் கூடாது. களம் எப்பங்க வரும்?"

பத்து வரை எண்ணினேன். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக.

அடுத்த வருடம் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே குரல் கொடுத்தார். "வாங்க கேள்வி சாரு! இந்த வருசமாச்சும் ஒரு பதிலு கொண்ணாந்தீங்களா?" ஊரே சிரித்தது. அந்தப் பெயர் எனக்கு நிலைத்தும் போனது. பதில் கொண்டு போகவில்லை. களி உருண்டையும் அவரைக்கொட்டைக் குழம்பும் தின்றுவிட்டு, எழுதிக்கொண்டு வந்தேன். என் மொபெட்டின் பின்னால் மூட்டையாகப் பயணம் செய்த அந்த ராகிக் கதிர்களின் வாசனை இன்றும் சில காலைகளில், எழுவதற்குச் சற்று முன், எங்கிருந்தோ வரும்.

மூன்றாம் வருடம் கார்த்திகை. பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. முனியம்மா கொல்லை முழுக்கப் புகைபோல வெள்ளை. நான் கன்னி மூலையில் நின்று அடி எண்ணிக்கொண்டே உள்ளே நடந்தேன். நடக்க நடக்கக் கால் எதிலும் இடறவில்லை. கைவீச்சு ராகிக்குள் அப்படி நடக்க முடியாது. நின்றேன். பனி மெல்ல விலகியது. எனக்கு முன்னும் பின்னும் பயிர், தலை வாரிவிட்ட மாதிரி, வரிசை வரிசையாக மலையடி வரை போனது. யாரோ ஏழாம் எண் ஊரைத் தூக்கிக் கொண்டுவந்து இங்கே வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். கனவில் நம் வீடு வேறு ஊரில் இருக்குமே, அப்படி.

"இது யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

"யாரு சொல்லிக் குடுக்கணும்? புதுசா வந்த எம் மருமவதான். செல்வி! ஏய் செல்வி! சாரு கேக்கறாரு பாரு."

செல்வி வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். இடுப்பில் ஒரு கயிற்றுச் சுருள். சாணுக்கு ஒரு முடிச்சு.

"எங்க ஊர்ல இப்பிடித்தாங்க நடுவோம். இங்க வந்து பாத்தா அள்ளி வீசறாங்க. எனக்குக் கையே வரல."

"எந்த ஊரும்மா உனக்கு?"

அவள் சொன்ன பெயர் ஏழாம் எண்.

முனியம்மா விடவில்லை. "வரிசைக்கு நடுவுல நெல்லுக்கு நண்டு ஓடணும், கரும்புக்கு நரி ஓடணும், வாழைக்கு வண்டி ஓடணும்னு பெரியவங்க சொன்னாங்க. நம்ம ராகிய மட்டும் மறந்துட்டாங்க. இவ வந்து சொன்னா, ராகிக்குக் கோழிக்குஞ்சு ஓடணும்னு. பாருங்க, எங்க கோழி பூராவும் கொல்லையிலதான் கெடக்குது!"

செல்வி மட்டும் இல்லை. நடவுக்கு அவள் அம்மா வீட்டிலிருந்து எட்டுப் பெண்கள் வந்திருக்கிறார்கள். முய்யாள் என்பார்கள் இங்கே. கூலி கிடையாது, உன் கொல்லைக்கு நான் ஒரு நாள், என் கொல்லைக்கு நீ ஒரு நாள். சம்பந்தி வீடுகளுக்குள் அது வருடா வருடம் நடப்பது. அப்படி வந்தவர்கள் பக்கத்துக் கொல்லைக்கும் கயிறு பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு வாழ வந்தவர்கள் பல பேர். இங்கிருந்து போனவர்களும் அப்படியே.

ஊர்களைத் தேர்ந்தெடுத்த வருடம், படிவத்தில் பதினான்காவது கேள்வி: இரு ஊர்களுக்கும் இடையே தொடர்பு உண்டா? நிரப்பியவன் நான். நேர் பஸ் கிடையாது, இரண்டு பஸ் மாற வேண்டும். சந்தையும் வேறு வேறு. யோசிக்காமல் "இல்லை" என்று எழுதினேன். அன்றைக்குப் பதினொன்றில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. ஏதோ வளைகாப்புக்குப் போயிருக்கிறார்கள் என்றார்கள். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவில்லை. எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததே என் சொந்தக்காரர்கள் முப்பது பேர் நடந்துபோய்ப் பெண் பார்த்துத்தான். அப்படிப்பட்டவன், ஊருக்கும் ஊருக்கும் வழி என்றால் பஸ் என்று எழுதியிருக்கிறேன்.

அறுத்துக் காயவைத்து, அட்டவணையில் வந்த எல்லாக் கொல்லைகளுக்கும் எடை போட்டோம். சராசரியில் ஏழுக்கும் பதினொன்றுக்கும் வித்தியாசம் ஒரு கைப்பிடிகூட இல்லை. வித்தியாசம் இல்லை என்றால் திட்டத்தால் பலன் இல்லை. பலன் இல்லை என்றால் இரண்டாம் கட்டம் இல்லை. களம் இல்லை.

இதை நான் அவர்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். வாய்.

முனியம்மா கொஞ்ச நேரம் தராசையே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாரு, பென்சில்லதான எழுதறீங்க? கொஞ்சம் கொறச்சி எழுதிக்குங்க. வெளஞ்சதக் கொறச்சி சொல்றது எங்களுக்குப் புதுசா? யாரு கேக்கப் போறா? நாங்க மூச்சு வுட மாட்டோம்."

வழியில் ஒரு புளியமரத்தடியில் மொபெட்டை நிறுத்தினேன். சட்டைப் பையில் அழிரப்பர் இருந்தது. ஒரே ஒரு எண். தேய்த்தால் போய்விடும். அந்த வளைவில் யாரும் குனிய வேண்டாம். மரத்திலிருந்து பழுத்த இலைகள் தாள் மேல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டே இருந்தன. நான் ஊதிக்கொண்டே இருந்தேன். நேர்மை என்றெல்லாம் பெரிய வார்த்தை சொல்ல மாட்டேன். அந்த எண்ணைத் தேய்த்தால் செல்வி நட்ட அத்தனை நாற்றும் காகிதத்தில் இல்லாமல் போகும் என்று தோன்றியது. அவ்வளவுதான். வண்டியை எடுத்தேன்.

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"பதினாலாம் கேள்விக்கு 'இல்லை'ன்னு எழுதினது யாரு?"

"நான்தான் மேடம்."

திட்டவில்லை. குடையை எடுத்தார். "வாங்க, அந்தக் கேள்விய மறுபடி கேப்போம்."

நாலு நாள் வீடு வீடாகப் போனோம். இந்த வீட்டுக்கு வந்த பெண் எந்த ஊர்? இந்த வீட்டிலிருந்து போன பெண் எந்த ஊர்? நடவுக்கு யார் வந்தார்கள்? என் வாழ்க்கையில் மக்கள் அவ்வளவு சந்தோஷமாகப் பதில் சொன்ன கேள்வியை நான் பார்த்ததில்லை. ஒரு பெரியவர், "எம் பொண்டாட்டிகூட அந்த ஊருதாங்க. ஆனா அவ கயிறு கொண்ணாரல, வாயத்தான் கொண்ணாந்தா" என்றார். உள்ளேயிருந்து, "அந்த வாயி இல்லாட்டி இந்தாளு வூட்டுல அடுப்பு எரியாதுன்னும் எழுதிக்குங்கம்மா!" என்று பதில் வந்தது. மேடம் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். பத்து வரை எண்ணவே தேவைப்படவில்லை.

பெரிய தாளில் மேடம் கோடு போட்டார். ஏழிலிருந்து பெண் வந்த வீடுகள், அவர்களோடு முய்யாள் மாற்றிய வீடுகள், இரண்டும் இல்லாத வீடுகள். பிறகு எடைகளைப் பக்கத்தில் எழுதினார். கோடு போன இடத்தில் எல்லாம் விளைச்சல் ஏறியிருந்தது. கோடு போகாத வீடுகளில் பழைய மாதிரியே. திட்டம் பலித்திருக்கிறது, நாங்கள் கட்டிய வேலியைத் தாண்டிப் பலித்திருக்கிறது. அறிக்கையில் என் தவறையும் என் பதவிப் பெயரோடு ஒரு வரியில் எழுதினார். எழுதிவிட்டு என்னிடம் காட்டினார். தலையாட்டினேன்.

இரண்டாம் கட்டம் உண்டு என்று ஆணை வந்தது. ஊர்ப் பட்டியலை மேலிருந்து கீழே படித்தேன். கீழிருந்து மேலே படித்தேன். பதினொன்று இல்லை. பயன் ஏற்கெனவே சென்றடைந்த கிராமம் என்று குறிப்பு போட்டிருந்தார்கள். நடவு முறை போனது, களம் போகவில்லையே என்று மேடம் எழுதி அனுப்பினார். இரண்டு தடவை. பதில் வரவில்லை. என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க போய்ச் சொல்லிடுங்க. இத்தன வருசம் கேட்டது நாமதான். நாமதான் சொல்லணும்."

அடுத்த வருடம் மாசி மாதம். நான் போனபோது ரோட்டில் ராகி பரப்பியிருந்தது. மதியம் தாண்டிய வெயில். தூசி எழும்பி, ஆட்கள் எல்லாம் இடுப்பு வரை பொன்னிறப் புகைக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. முனியம்மா ரோட்டோரம் காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். செல்வி நடுரோட்டில் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஐந்து மாதம் என்று பார்த்ததும் தெரிந்தது.

நின்றபடியே சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. துடைப்பங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

செல்விதான் முதலில் பேசினாள். "அப்ப நான் இந்த ஊருக்கு வாக்கப்படாம இருந்திருந்தா களம் வந்திருக்கும். அதானுங்களே?"

பத்து வரை எண்ணினேன்.

"சும்மா இருடி. நீ வாக்கப்படலன்னா ரோட்டுல பரப்ப ராகி ஏது?" என்றார் முனியம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "நான் சொன்ன மாதிரி நீங்க கொறச்சி எழுதியிருந்தா?"

"வந்திருக்கும்ங்க."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். நான் போய்விடலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றேன். வளைவுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு வண்டியின் சத்தம் கேட்டது. பெண்கள் எல்லோரும் அலுப்போடு நிமிர்ந்தார்கள்.

முனியம்மா தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்து என் பக்கம் நீட்டினார்.

"வெறுங்கையோட நிக்காதீங்க. அந்த மொனைக்குப் போங்க. வண்டி வந்தா நிறுத்துங்க. நாங்க கூட்டி முடிச்சி கைய காட்டுனா வுடுங்க."

ஓடினேன். ஐம்பதைத் தாண்டிய வயதில் ஓடினேன். மினி லாரி வளைவுக்குள் நுழைவதற்குள் நடுரோட்டில் நின்று துண்டை ஆட்டினேன். பிரேக் போட்டு நிறுத்திய டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ் பெருசு! யாருய்யா நீ? இது இன்னா உங்கப்பன் வூட்டு ரோடா?"

யார் என்று சொல்வது? கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன்.

"சம்பந்தி வூட்டு ரோடுப்பா. பொம்பளைங்க கூட்டறாங்க. ஒரு அஞ்சு நிமிசம்."

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். எஞ்சினை அணைத்துவிட்டு, "புள்ளத்தாச்சிப் பொண்ணையா ரோட்டுல வுட்டு வேல வாங்கறீங்க?" என்று கேட்டபடி இறங்கி, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சாய்ந்த வெயிலில் தூசி மெதுவாக இறங்கியது. துடைப்பச் சத்தம் மட்டும். ராகி குவியல் குவியலாக ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. செல்வி அவசரமில்லாமல் கூட்டினாள். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கை வைத்து நின்றும் கொண்டாள்.

முனியம்மா தூரத்தில் கையைத் தூக்கினார். நான் துண்டை இறக்கி ஓரமாக நகர்ந்தேன். லாரி மெல்ல ஊர்ந்து போனது.

அடுத்த வண்டிக்காக மறுபடியும் வளைவைப் பார்த்து நின்றேன்.